தண்டிக்கும் கை யாருடையது? – 'அந்நியன்' படமும் மேருமந்தர புராணமும்



மலருக்குக் கட்டுரை கேட்டவர்கள், நான் வழக்கம்போல நாலடியாரையோ நீலகேசியையோ எடுத்துக்கொள்வேன் என்று எண்ணியிருப்பார்கள். இந்த முறை ஒரு சினிமாப் படத்தை எடுத்திருக்கிறேன். கற்றறிந்தோர் எழுதும் மலரில் சினிமாவுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

காரணம் இதுதான். மாநிலம் விட்டு வந்து இங்கே தொழில் செய்யும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நரகம் என்றால் என்ன என்று முதலில் சொல்லிக்கொடுத்தது தாத்தா பாட்டி இல்லை. டிவியில் அடிக்கடி ஓடுகிற 'அபரிசிதுடு'தான். 'அந்நியன்' படத்தின் தெலுங்கு வடிவம் அது. அந்தகூபம், கும்பீபாகம், கிருமிபோஜனம் என்று மூன்று நரகப் பெயர்களையும் நம் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்த மாதிரி ஒப்பிக்கிறார்கள். என் பேரன் ஒரு நாள், "தாத்தா, நம்ம ஜைனத்துல கும்பீபாகம் உண்டா? அங்க யாரு எண்ணெயில போடுவாங்க?"ன்னு கேட்டான். நல்ல கேள்வி. அவனுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

படமும் அது வந்த காலமும்

'அந்நியன்' 2005 ஜூன் 17 அன்று வெளியானது. இயக்கம் ஷங்கர், வசனம் எழுத்தாளர் சுஜாதா, கதாநாயகன் விக்ரம். அம்பி என்கிற ராமானுஜம் ஒரு வக்கீல். சட்டத்தை ஓர் எழுத்து பிசகாமல் கடைப்பிடிப்பவன். யாராவது தப்பு செய்தால் புகார் எழுதுவான், வழக்குப் போடுவான், ஒன்றும் நடக்காது. சிறு வயதில் அவன் தங்கை, மழைநீர் தேங்கிய தெருவில் மின்சாரம் பாய்ந்து இறந்து போனாள். ஒருவருடைய அலட்சியம் ஒரு குழந்தையைக் கொன்றது. அந்த வேதனையிலிருந்து அவனுக்குள்ளே இன்னொருவன் முளைக்கிறான். முடியை முகத்தில் தொங்கவிட்டுக்கொண்டு இருட்டில் வருகிற அந்நியன், கருட புராணத்தில் சொல்லப்பட்ட நரக தண்டனைகளை இந்தப் பூமியிலேயே கொடுக்கிறான். மூன்றாவதாக ரெமோ என்று ஒருத்தன், காதலுக்காகப் பிறந்தவன். மூவரும் ஒரே உடம்பு.

மேல்நாட்டில் முகமூடி போட்ட வீரனை வைத்துப் படம் எடுக்கும் மரபு நெடுநாளாக உண்டு. கிறிஸ்டோபர் நோலனின் 'பேட்மேன் பிகின்ஸ்' அமெரிக்காவில் திரைக்கு வந்தது 2005 ஜூன் 15; நம் அந்நியனுக்கு இரண்டே நாள் முன்பு. அதிலும் சிறு வயதில் கண்ணெதிரே பெற்றோரைப் பறிகொடுத்தவன்தான் இருட்டில் இறங்குகிறான். அதே ஜூன் 15 அன்றுதான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அவ்வாண்டு அக்டோபர் 12 முதல் முழுமையாக அமலுக்கு வந்தது. தனி மனிதன் சர்க்காரைக் கேள்வி கேட்கப் பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு வழி திறந்த அதே வாரத்தில், கேள்வி கேட்டுப் பயனில்லை என்று சொன்ன படம் கொட்டகைகளை நிரப்பியது. இரண்டுக்கும் அடியில் இருந்த எரிச்சல் ஒன்றே என்று எனக்குத் தோன்றுகிறது.

திரும்பத் திரும்ப வரும் கரு

ஷங்கர் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே அச்சு தெரியும். 'ஜென்டில்மேன்' (1993) படத்தில் கல்விக்குக் கேட்ட பணம் ஓர் உயிரைக் குடிக்கிறது. நாயகன் கொள்ளைக்காரன் ஆகிறான். 'இந்தியன்' (1996) படத்தில் லஞ்சம் கொடுக்காததால் மகள் சாகிறாள்; தந்தை கத்தி எடுக்கிறார். 'முதல்வன்' (1999) படத்தில் பெற்றோர் போகிறார்கள். 'அந்நியன்' படத்தில் தங்கை. வீட்டில் ஒரு சாவு, அதன் பிறகு நாட்டைத் திருத்தப் புறப்படும் ஒருவன். சொந்தத் துக்கமும் பொதுக் கோபமும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. எது துக்கம், எது நியாயம் என்று பிரித்துப் பார்க்க நமக்கு நேரம் கொடுப்பதில்லை.

இன்னொரு கரு, பிரேக். 'இந்தியன்' படத்தில் பிரேக் சரியில்லாத பஸ்ஸுக்குத் தகுதிச் சான்று கொடுத்ததால் பள்ளிக் குழந்தைகள் சாகிறார்கள். சான்று கொடுத்த மகனைத் தந்தையே கொல்கிறார். 'அந்நியன்' படத்தில் தரமற்ற பிரேக் ஒயர் செய்து விற்ற கம்பெனி முதலாளி வருகிறான். நமது சமூகம் நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்பதில்லை என்பதற்கு இதைவிட எளிய உவமை கிடைக்காது.

ஆனால் ஒரு மாற்றம் உண்டு. முன் படங்களில் குற்றவாளிகள் பெரும்பாலும் மந்திரி, அதிகாரி. 'அந்நியன்' படத்தில் மந்திரி யாரும் எண்ணெயில் விழுவதில்லை. ரோட்டில் அடிபட்டுக் கிடந்தவனைக் காரில் ஏற்ற மறுத்தவன், ரயிலில் மோசமான சாப்பாடு போட்ட கான்டிராக்டர், மட்டமான பிரேக் ஒயர் விற்றவன் ஆகியோர்தான் சாகிறார்கள். பத்திரப் பதிவில் மதிப்பைக் குறைத்துக் காட்டியதற்காக, அவன் காதலிக்கும் நந்தினியின் உயிரே ஆபத்துக்கு வருகிறது. அதாவது குற்றவாளிக் கூண்டில் நாம் நிற்கிறோம். மந்திரியைத் திட்டும் படம் பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வரலாம். இதைப் பார்த்துவிட்டு வந்தால், போன வருஷம் மனை பதிவு செய்தபோது என்ன மதிப்பு போட்டோம் என்று நினைவு வரும். இந்தத் துணிச்சலுக்காகவே இந்தப் படத்தை மற்றப் படங்களுக்கு மேலே வைக்கிறேன்.

படம் சரியாகச் சொன்னது

சிறு தவறு சிறியது இல்லை என்பது படத்தின் மையக் கருத்து. ஐந்து பைசா எடுத்தால் தப்பா என்று கேட்டு, அதையே ஐந்து கோடிப் பேர் செய்தால் என்று பெருக்கிக் காட்டும் இடம் எல்லோருக்கும் நினைவிருக்கும். வியாபாரி என்பதால் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து கோடி முறை ஐந்து பைசா என்றால் 25 லட்சம் ரூபாய். தராசில் ஒரு பக்கம் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தாலும் வருஷக் கடைசியில் அது மூட்டைக் கணக்கில் தெரியும். இது எங்கள் தொழிலில் பாலபாடம்.

உமாஸ்வாமி முனிவரின் தத்துவார்த்த சூத்திரம் இல்லறத்தார் விரதங்களைப் பேசும்போது, களவு செய்யாமை என்ற விரதத்தைக் கெடுக்கும் ஐந்து குற்றங்களை எண்ணிச் சொல்கிறது. திருடத் தூண்டுவது, திருட்டுச் சரக்கை வாங்குவது, அரசு விதியை மீறிச் சம்பாதிப்பது, எடையிலும் அளவிலும் மாற்றுவது, அசலைப் போலப் போலிச் சரக்கு செய்து விற்பது. இந்தப் பட்டியலைப் படத்தோடு ஒட்டிப் பாருங்கள். பிரேக் ஒயர் கம்பெனிக்காரன் ஐந்தாவது குற்றத்தில் அகப்படுகிறான். பத்திரப் பதிவு மூன்றாவதில் வருகிறது. பல நூற்றாண்டுக்கு முன்னே எழுதியவர் நம் சந்தைத் தெருவில் நடந்துவிட்டு எழுதினாரோ என்று தோன்றும்.

இதைவிட முக்கியமானது ஒன்று. இம்சை எது என்று அந்நூல் சொல்லும்போது, அஜாக்கிரதையோடு செய்யும் செயலால் உயிருக்கு வரும் கேட்டையே இம்சை என்கிறது. கத்தியை எடுத்தவன் மட்டும் கொலைகாரன் என்று விடவில்லை. பிரமாதம் என்ற சொல்லை நாம் இன்று 'ரொம்ப நல்லா இருக்கு' என்ற பொருளில் பேசுகிறோம். வடநூலில் அதற்கு மறதி, அலட்சியம் என்று பொருள். வேலையை அரைகுறையாக விட்டுப்போன மின் ஊழியன் அந்தக் குழந்தையைக் கொல்ல நினைக்கவில்லை. ஆனாலும் அது இம்சைதான். இந்த இடத்தில் ஷங்கரும் சுஜாதாவும் தெரிந்தோ தெரியாமலோ சமணத்துக்கு மிக அருகில் வந்துவிட்டார்கள்.

என் கல்லாவிலிருந்து பார்த்தால்

நான் ஏர்பேட்டில் மெயின் ரோட்டோரம் முப்பது வருஷத்துக்கு மேலாக வண்டி ஸ்பேர்பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறவன். பிரேக் ஒயர், கிளட்ச் ஒயர், பிரேக் ஷூ, பல்பு இதெல்லாம்தான் சரக்கு. ஆகவே பிரேக் ஒயர் முதலாளியின் கட்டம் வந்தபோது கொட்டகையில் எல்லோரும் விசில் அடிக்க, நான் அடிக்கவில்லை. அவன் எனக்கு ஒரு வகையில் உறவு, தொழில் உறவு.

எங்கள் தொழிலில் ஒரிஜினல் உண்டு, கம்பெனி பெயர் இல்லாத லோக்கல் உண்டு, ஒரிஜினல் போலவே கவர் போட்ட டூப்ளிகேட்டும் உண்டு. லோக்கல் பரவாயில்லை, நான் லோக்கல்தான் என்று அது சொல்லிவிடுகிறது. டூப்ளிகேட்தான் பாவச் சரக்கு. அதைச் செய்தவன் ஒருத்தன். கவர் அச்சடித்தவன் ஒருத்தன். லாரியில் ஏற்றியவன், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரன், பில் வேண்டாம் என்று சொன்னவன், "தக்குவ ரேட்டுலோ இவ்வு அன்னா" என்று கையை நீட்டுகிற வண்டிக்காரன் என்று வரிசை நீள்கிறது. அந்த வண்டிக்காரனும் கெட்டவன் இல்லை. அன்றைக்குக் கூலி வந்திருக்காது. படம் இந்த வரிசையிலிருந்து ஒருவனை மட்டும் பிடுங்கி எடுத்துத் தண்டிக்கிறது. மீதி வரிசை அப்படியே நிற்கிறது. மறுநாள் காலையில் இன்னொரு கம்பெனியிலிருந்து அதே ஒயர் வரும்.

இது சினிமா விவகாரம் மட்டும் இல்லை என்பதை ஏர்பேடு மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2017 ஏப்ரல் 21 அன்று, ஸ்வர்ணமுகி ஆற்றில் நடந்த மணல் கொள்ளையைப் பற்றி முறையிட முனகலபாளையம் கிராமத்தார் எங்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷன் முன்னால் கூடியிருந்தார்கள். வேகமாக வந்த லாரி ஒன்று மின்கம்பத்தில் மோதிக் கூட்டத்துக்குள் புகுந்தது. சக்கரத்தில் சிலர், மின்சாரத்தில் சிலர் என்று பல உயிர்கள் போயின. மனுக் கொடுக்க வந்தவர்கள் அவர்கள். அம்பியைப் போலச் சட்டத்தை நம்பி வந்தவர்கள்.

அந்நியன் அன்று ராத்திரி ஏர்பேட்டுக்கு வந்திருந்தால் யாரைத் தேடியிருப்பான்? லாரி ஓட்டியவனையா, லாரி வைத்திருந்தவனையா? நெரிசலான அந்த ரோட்டை அப்படியே விட்டவர்களையா? மணல் அள்ளியவனையா, அள்ள விட்டவனையா? குறைந்த விலைக்கு மணல் கிடைத்தது என்று வாங்கிச் சுவர் எழுப்பினவர்களையா? கடைசியில் சொன்னவர்களின் வீடுகள் நம் எல்லோர் தெருவிலும் இருக்கின்றன. எத்தனை பேருக்கு எண்ணெய் காய்ச்சுவது?

நரகத்தில் யமன் இருக்கிறானா?

இப்போது பேரனின் கேள்விக்கு வருகிறேன். கருட புராணத்தில் யமலோகம் ஒரு கச்சேரி. நீதிபதி உண்டு, கணக்கு எழுதும் சித்திரகுப்தன் உண்டு, தண்டனை நிறைவேற்றக் கிங்கரர் உண்டு. இந்த அமைப்பு இருப்பதால்தான் ஒரு மனிதன் அதில் ஒரு பதவியைத் தானே எடுத்துக்கொள்ள முடிகிறது. அந்நியன் மூன்று பதவியையும் தானே எடுத்துக்கொண்டான். கணக்கும் அவனே, தீர்ப்பும் அவனே, கிங்கரனும் அவனே. இதுவும் கருட புராணம் சொன்னதாகாது. அந்நூலில் யமன் வேறு, சித்திரகுப்தன் வேறாகத்தான் இருக்கிறார்கள்.

நம் நூல்களிலும் நரகம் உண்டு. இரத்தினப்பிரபை தொடங்கி மகாதமப்பிரபை வரை ஏழு நிலங்கள். வேதனைக்கும் குறைவில்லை. ஆனால் அங்கே நீதிபதி இல்லை, கணக்குப்பிள்ளையும் இல்லை. அவரவர் பேரேடு அவரவர் உயிரிலேயே எழுதப்பட்டிருக்கிறது. முதல் மூன்று நரகங்கள் வரை சில அசுரர்கள் போய் அங்குள்ளவர்களைத் தூண்டிவிட்டுச் சண்டை போட வைத்து வேடிக்கை பார்ப்பார்கள் என்று சொல்லப்பட்டிருக்கிறது. அந்த அசுரர்களை நூல் நீதிமான்கள் என்று சொல்லவில்லை. கெட்ட பரிணாமம் உடையவர்கள் என்றே சொல்கிறது. வேதனைப்படுபவன் பாவம் செய்தவனாகவே இருக்கட்டும். அவன் வேதனையில் சந்தோஷப்படுகிறவன் தனக்கெனப் புதுக் கணக்கு தொடங்கிவிடுகிறான்.

இதற்கு ஒரு பெயரே இருக்கிறது, ரௌத்திர தியானம். அதன் நான்கு வகையில் முதலாவது இம்சையில் ஆனந்தம். கையால் செய்தால்தான் என்றில்லை; பிறர் செய்யக் கண்டு மனம் துள்ளினாலும் அதுவே. கும்பீபாகக் காட்சியில் கைதட்டிய கொட்டகையை நினைத்துப் பாருங்கள். ரயில் சாப்பாட்டை நினைத்துக் கோபப்படுவது நியாயம். ஆனால் எண்ணெய் கொதிக்கும்போது வயிற்றுக்குள்ளே ஒரு குளிர்ச்சி வருதில்ல, அதை என்னவென்று சொல்வது?

தரணேந்திரன் கதை

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஜினகாஞ்சி என்னும் திருப்பருத்திக்குன்றம் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த வாமன முனிவர் தமிழில் பாடியது மேருமந்தர புராணம். அதன் கதை அந்நியன் கதையோடு பொருந்தும் விதம் எனக்கு ஆச்சரியத்தைக் கொடுத்தது.

சஞ்சயந்தன், சயந்தன் என்று அண்ணன் தம்பி. இருவரும் துறவு பூண்டனர். தம்பிக்கு ஒரு சபலம். நாக தேவர்களின் தலைவனுடைய செல்வத்தைக் கண்டு அப்படிப் பிறக்க ஆசைப்பட்டான், தரணேந்திரனாகவே பிறந்தான். அண்ணன் தவத்தில் நின்றபோது வித்துத்தந்தன் என்ற வித்தியாதரன் அவரைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டு, கூட்டத்தைத் தூண்டி அடிக்க வைத்தான். முனிவர் அத்தனையும் பொறுத்து முத்தி அடைந்தார். செய்தி தெரிந்து தரணேந்திரன் வருகிறான். ஆயிரம் படம் எடுத்த நாகராஜன். இன்றைய பிள்ளைகள் மொழியில் சொன்னால் சூப்பர் ஹீரோ. வித்துத்தந்தனை நாகபாசத்தால் கட்டிவிட்டான். கடலில் எறியப் போகிறான். உடன்பிறப்பைக் கொன்றவன் கையில் அகப்பட்டிருக்கிறான், கேட்க யாரும் இல்லை, சக்தியும் இருக்கிறது. நம் படமாக இருந்தால் இங்கேதான் கிளைமாக்ஸ்.

இங்கே ஆதித்தியாபன் என்ற தேவன் குறுக்கே வந்து நிற்கிறான். சண்டை போடவில்லை. ஒரு கதை சொல்கிறான். எத்தனையோ பிறவிக்கு முன்னால் பத்திரமித்திரன் என்றொரு வணிகன், தன் இரத்தினங்களைச் சத்தியகோடன் என்ற மந்திரியிடம் நம்பிக் கொடுத்து வைத்தான். திரும்பக் கேட்டபோது மந்திரி, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டான். வணிகன் ஊரெல்லாம் அழுது திரிந்தான், பைத்தியம் என்றார்கள். அரசி இராமதத்தைக்கு மட்டும் சந்தேகம் வந்தது. மந்திரியோடு சூதாடி அவனுடைய மோதிரத்தையும் பூணூலையும் வென்று, அவற்றை அடையாளமாக அனுப்பி, அவன் வீட்டிலிருந்தே இரத்தினங்களை வரவழைத்தாள். அரசன் சிங்கசேனன் அவற்றைத் தன் இரத்தினங்களோடு கலந்து வைத்து, உன்னுடையதை எடுத்துக்கொள் என்றான். வணிகன் தன்னுடையதை மட்டும் பொறுக்கி எடுத்தான். விசாரணை என்றால் இதுதான். குற்றவாளியைச் சோதித்தார்கள், முறையிட்டவனையும் சோதித்தார்கள்.

மந்திரி தண்டிக்கப்பட்டான். கதை அத்தோடு முடியவில்லை. அவன் வன்மத்தோடு செத்து, அரசனுடைய பொக்கிஷ அறையிலேயே பாம்பாகப் பிறந்து அரசனைக் கடித்தான். அரசன் யானையாகப் பிறந்தான். அந்த யானையையும் வேறொரு பிறவியில் பாம்பாக வந்து கடித்தான். இப்படிப் பிறவி பிறவியாக வந்த பகையின் கடைசிக் கண்ணிதான் வித்துத்தந்தன் முனிவரை அடித்தது. "இவனை நீ இப்போது கொன்றால் சங்கிலிக்கு இன்னும் ஒரு கண்ணி கூடும். எத்தனை பிறவியில் யார் உனக்கு அண்ணன், யார் உனக்குப் பகைவன் என்று உன்னால் எண்ண முடியுமா?" என்பதுதான் அந்த வாதத்தின் சாரம். தரணேந்திரன் கட்டை அவிழ்த்துவிடுகிறான்.

ஏறக்குறைய 1400 பாட்டுள்ள நூல் முழுவதும், ஒரு கை ஓங்கியபடி நிற்க, அதை இறக்க வைப்பதற்காகச் சொல்லப்பட்ட கதை. படத்தில் அம்பிக்கு ஓர் ஆதித்தியாபன் கிடைக்கவில்லை. மனநல மருத்துவர் இருக்கிறார், போலீஸ் அதிகாரி இருக்கிறார், காதலி இருக்கிறாள். அவன் கோபத்துக்கு அடியில் இருக்கும் துக்கத்தோடு உட்கார்ந்து பேச யாரும் இல்லை.

விசாரணையைப் பற்றிச் சொன்னேன். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் செய்த பிழை என்ன? பொற்கொல்லன் சொன்னதை ஆராயாமல் கொலைக்கு ஆணையிட்டது. செத்தவன் நம்மைப் போல ஒரு வணிகன், பிழைக்க ஊர் விட்டு ஊர் போனவன். உடனடி நீதி என்று கைதட்டுபவர்கள், அந்த நீதி முதலில் வெளியூர்க்காரன் கழுத்தைத்தான் தேடும் என்பதை மறக்கக் கூடாது. மொழி தெரியாத ஊரில் கடை வைத்திருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இது தத்துவ விஷயம் இல்லை, பாதுகாப்பு விஷயம்.

மூன்று முகம், நான்கு கஷாயம்

அம்பி, ரெமோ, அந்நியன் மூவரையும் டாக்டர்கள் ஆளுமைப் பிளவு என்பார்கள். நான் இதைக் கஷாயம் என்ற சொல்லால் பார்க்கிறேன். குரோதம், மானம், மாயை, லோபம் என்று உயிரில் ஒட்டும் கறை நான்கு. அந்நியன் குரோதம் என்பது வெளிப்படை. ரெமோ மாயை, ஜிகினா உடை போட்ட வேஷம். நல்லவனான அம்பி யார்? அவன் மானம், அதாவது தான் ஒருவனே ஒழுங்கு என்ற செருக்கு. அந்தச் செருக்கை நெற்றியில் நாமமாகவும் ஆசார வீடாகவும் காட்டி, ஒழுக்கம் ஒரு குலத்துக்கு உரியது என்ற எண்ணம் வரும்படி செய்திருப்பது படத்தின் குறை. நான்காவது கறையான லோபத்தைச் செத்தவர்கள் தலையில் ஏற்றிவிட்டார்கள்.

முடிவு இன்னும் சங்கடமானது. சிகிச்சை முடிந்து அம்பி வெளியே வருகிறான், நந்தினியை மணக்கிறான். ரயிலில் போகும்போது, தங்கையின் சாவுக்குக் காரணமான அதே ஆள் குடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறான். ரயிலிலிருந்து தூக்கி எறிந்துவிட்டு, மனைவியிடம் ஒன்றும் சொல்லாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறான். முன்பு அந்நியன் செய்வது அம்பிக்குத் தெரியாது. இப்போது தெரிந்தே செய்கிறான். படம் இதைக் குணமானதாகக் காட்டுகிறது. நோய் முற்றிய இடம் இது என்பது என் கருத்து.

'பேட்மேன் பிகின்ஸ்' படமும் ரயிலில்தான் முடிகிறது. அந்த வீரன் தொடக்கத்தில் ஒரு கொலைகாரனின் தலையை வெட்ட மறுத்தவன். கடைசியில் பகைவனைக் கொல்லவில்லை. காப்பாற்றாமல் விட்டுவிட்டுப் பறந்து போகிறான். வேடிக்கை என்னவென்றால், அடிபட்டவனைக் காப்பாற்றாமல் போன குற்றத்துக்குத்தான் நம் அந்நியன் ஒருவனை எருமைக் கூட்டத்தின் காலில் மிதிபட வைத்தான். அமெரிக்க வீரன் அவன் கையில் அகப்பட்டால் அந்தகூபம்தான்!

வேறு வழி உண்டா?

உண்டு. அதற்கும் கணக்கு இருக்கிறது. அடிபட்டவனை ஏன் யாரும் வண்டியில் ஏற்றவில்லை? கல் மனம் என்பது பாதி பதில். போலீஸ் கேள்வி, கோர்ட்டு அலைச்சல், ஆஸ்பத்திரியில் பணம் கட்டச் சொல்வார்களோ என்ற பயம் மீதி பதில். 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம், உதவி செய்பவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்ற வழிகாட்டு நெறிகளுக்குச் சட்ட வலிமை கொடுத்தது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 134ஏ என்ற பிரிவைச் சேர்த்து அவர்களுக்குப் பாதுகாப்பு தந்தது. பயம் நீங்கினால் கை நீளும் என்று நம்பிச் செய்த காரியம் இது. ஆனால் இந்தப் பிரிவு இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. அந்தகூபம் எல்லோருக்கும் தெரிகிறது.

நற்காட்சியின் எட்டு அங்கங்களில் ஒன்று, வழுக்கி விழுந்தவனை மறுபடி நிலையில் நிறுத்துவது. அந்த எட்டு அங்கங்களுக்கும் சான்றாகச் சொல்லப்படும் கதைகளில் முதல் கதை யாருடையது தெரியுமா? அஞ்சனன் என்ற திருடனுடையது. திருடனாக இருந்தவன் நம்பிக்கை பிறந்து, துறவியாகி, முத்தியும் பெற்றான். அஞ்சனன் திருடிய ராத்திரியிலேயே ஓர் அந்நியன் வந்திருந்தால் நமக்கு அந்தச் சான்று கிடைத்திருக்காது.

ஆகவே படத்தைப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கூடவே உட்கார்ந்து பாருங்கள். சிறு தவறு சிறியது இல்லை என்ற பகுதியை அழுத்திச் சொல்லுங்கள். எண்ணெய் கொதிக்கும்போது தரணேந்திரன் கதையைச் சொல்லுங்கள். அருங்கலச்செப்பு போன்ற சின்ன நூல் தமிழிலேயே இருக்கிறது. இல்லறத்தார் ஒழுக்கத்தைச் சின்னச் சின்னப் பாட்டில் சொல்வது. வாரத்துக்கு இரண்டு பாட்டு படித்தால் போதும், தமிழும் மறக்காது.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை வண்டிக்கு பிரேக் ஒயர் வாங்கும்போது, என் கடையாக இருந்தாலும் வேறு கடையாக இருந்தாலும், எந்தக் கம்பெனி என்று கேளுங்கள். பில் கேட்டு வாங்குங்கள். கேட்பவர் பத்து பேர் ஆனால் கடைக்காரன் டூப்ளிகேட் வைக்க யோசிப்பான். இருபது பேர் ஆனால் மொத்த வியாபாரி யோசிப்பான்.

நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் நம் இல்லங்களில் ஓங்குக. வணக்கம்.